கரையில் ஒரு விளக்கு வேண்டும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைப் பயின்ற மாணவர்கள், அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தை மறந்திருக்கமாட்டார்கள். தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழி கூறுகிறார் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அப்பட்டினத்தின் ஓங்கிய மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றப்பட்ட நெருப்பு, கடலில் துறை அறியாது மயங்கிய கலங்களைக் கரைக்கு அழைத்தது என்கிறார். அப்பட்டினம் இன்றைய மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உளர். அதே பாட்டில், பட்டினத்தை அடைவதற்கு முன்பே, வலைஞர் குடியிருப்பு ஒன்றும் வருகிறது. அங்கே அரிசியைக் களியாகத் துழாவி, ஆற்றி, நாள்பட ஊறவைத்துப் பிழியும் கள்ளின் செய்முறையைப் புலவர் நிதானமாக விவரிக்கிறார். கள்ளும் கலங்கரை விளக்கும் ஒரே பாட்டில் இடம்பெற்ற நிலம் நம்முடையது.

மாமல்லபுரத்துக் குன்றின்மேல் நிற்கும் ஓலக்கணேசுவரர் கோயில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. பின்னர் அதன் அருகிலேயே ஆங்கிலேயர் கருங்கல்லால் விளக்குக் கோபுரம் ஒன்றை எழுப்பினர். கடலுக்குச் சென்றவர்கள் கரை திரும்ப அது துணைசெய்கிறது. கரையிலேயே பிறந்து, கரையிலேயே வாழ்ந்து, கரையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு இப்பகுதியில் என்ன விளக்கு இருக்கிறது? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அக்கேள்வியே.

மாமல்லபுரத்தில் போதை என்றவுடன் நம்மவர் பலருக்கும் நினைவில் எழுவது ஒத்தவாடைத் தெருவும் அங்கே வந்து தங்கும் வெளிநாட்டாருமே. கஞ்சாவை அவர்கள்தாம் கொண்டுவந்தார்கள் என்று முதியோர் திண்ணையில் பேசுவதைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். பழியை வெளியே வைத்துவிட்டால் வீட்டுக்குள் தேட வேண்டிய தேவை இராது. அவ்வளவே அப்பேச்சின் பயன். இக்கரையில் குடும்பங்களைக் குலைத்ததில் முதலிடம் மதுவுக்கே உரியது. அதனைக் கொணர எந்தக் கப்பலும் தேவைப்படவில்லை. 2003-ஆம் ஆண்டு முதல் மாநில வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த மாநிலத்தின் கதை இது. அரசியல் பேச இது இடமன்று. ஆதலால் மேலே செல்வோம்.

மதுவுக்கு அடுத்து வந்தவை ஒன்றிரண்டல்ல. 2020 ஜூன் மாதத்தில் மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டுக் குப்பத்தில் மூடிய பீப்பாய் ஒன்று கரையொதுங்கியது. அதனுள்ளே சீன எழுத்துகள் பொறித்த தேயிலை உறைகள் பல இருந்தன. ஆய்ந்து பார்த்தபோது அவற்றிலிருந்தது தேயிலை அன்று. மெத்தாம்பெட்டமைன் என்னும் கொடிய போதைப்பொருள். கோடிக்கணக்கில் விலைபோகும் சரக்கு என்று செய்தித்தாள்கள் எழுதின. ஊர் சில நாள் பரபரப்பாகப் பேசி மறந்தது. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் நம் செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்குப் பலியாயினர். இவற்றுக்கிடையே, ஓசையின்றி, வலி நீக்கும் மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து ஊசியால் நரம்பிலேற்றும் பழக்கம் இளைஞரிடையே புகுந்துவிட்டது. புற்றுநோயாளியின் வேதனையைத் தணிக்கக்கூடிய மாத்திரை, பதினெட்டு வயதுப் பையனின் கைநரம்பை அழுகச் செய்கிறது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி.யும் ஈரலைத் தின்னும் மஞ்சள்காமாலைக் கிருமியும் உடன்வருகின்றன.

புள்ளிவிவரங்களை அடுக்க நான் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார் என்றது அது. சட்டத்துக்குப் புறம்பான போதைப்பொருளுக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவர். எஞ்சிய 37 பேரும் 19 பேரும் எங்கே போனார்கள்? மருத்துவமனை இல்லாததால்தான் போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1965 முதல் இருக்கிறது. சென்னை, சாலைவழி ஒன்றரை மணிநேரப் பயணம்தான். மூழ்குவோனுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருப்பது வெறும் தொலைவன்று.

இவ்விடத்தில் வள்ளுவரை நினைக்கிறேன். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களையும் நம் வகுப்புகளில் தனித்தனியே பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். முன்னது, மயங்கிக் கிடப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதை ஒக்கும் என்பது. பின்னது, குடிப்பவன் தான் குடியாதிருக்கும் வேளையில் மயங்கிய வேறொருவனைக் கண்டால், தன் நிலையும் இத்தகையதே என்று எண்ணிப்பாரானோ என்று வினவுவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு மருத்துவ உண்மை புலப்படும். மயக்கத்தில் பேசிப் பயனில்லை. தெளிவில் பேசினால் பயனுண்டு. அத்தெளிவும் அறிவுரையால் வருவதினும் தன்னைப் போன்ற ஒருவனைக் காண்பதால் வருகிறது. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் குடியால் நலிந்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதிலிருந்தே, இன்று உலகெங்கும் கூடும் 'பெயரறியாக் குடிநோயாளர்' குழுக்கள் பிறந்தன. அவர்கள் திருக்குறளைப் படித்தவர்களல்லர்.

ஆனால் அத்தெளிந்த வேளை மிகச் சிறியது. சில நேரம் ஒரு காலைப்பொழுது. சில நேரம் ஒரு மணிநேரம். அதனை நான் அறிந்தது புத்தகத்தினால் அன்று.

என்னிடம் பயின்று பட்டம் பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர். ஐந்து ரதங்களுக்குச் செல்லும் வழியில் அவருடைய அத்தா சங்குப் பொருள்களும் சிறு கற்சிலைகளும் விற்கும் கடை வைத்திருந்தார். மாணவர் நல்ல குரல்வளம் உடையவர்; மீலாது விழாக்களில் அவர் பாடினால் கூட்டம் கலையாது. கல்லூரிக் காலத்திலேயே கடற்கரைப் பாறைகளில் நண்பர்களோடு கஞ்சா புகைக்கத் தொடங்கி, பின்னர் மதுவுக்கு மாறி, இருபத்தாறு வயதில் காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிலைகொள்ளும் என்னும் அளவுக்குப் போய்விட்டார். முஸ்லிம் வீட்டில் குடிநோயை மறைப்பது இருமடங்கு கடினம். குடித்தது ஒரு குற்றம். அது வெளியே தெரிந்தது மற்றொரு குற்றம். எனவே அவ்வீட்டார் அதனை மறைப்பதிலேயே தம் ஆற்றலையெல்லாம் செலவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. "ஐயா, நேற்று இரவுக்குப் பிறகு தொடவில்லை. இப்போது என்னை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்" என்றார். கைவிரல்கள் நடுங்கின. எனக்கு அன்று மாலை ஓர் இலக்கியக் கூட்டத்தில் தலைமையுரை இருந்தது. "திங்கட்கிழமை காலையில் வா தம்பி, சென்னைக்குச் சேர்ந்தே போவோம்" என்று சொல்லி, தோளில் தட்டி அனுப்பினேன். அன்பாகத்தான் சொன்னேன். அத்தலைமையுரையில் என்ன பேசினேன் என்பது இன்று எனக்கு ஒரு சொல்லும் நினைவில்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமை இரவு வலிப்பு வந்திருக்கிறது. கெட்ட காற்று தீண்டிவிட்டது என்று அவருடைய அம்மா அழுதிருக்கிறார். ஞாயிறன்று அவரைத் தர்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்து திரும்பியவர் நடுக்கம் தீர மறுபடியும் குடித்தார், நடுக்கம் தீர்ந்தது, குடும்பத்தார் காற்று விலகிவிட்டது என்று நம்பினர். அதன்பின் அவர் மருத்துவரிடம் போய்ச் சேர நான்கு ஆண்டுகள் ஆயின.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை இன்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் இரு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதலும், கடுங்காய்ச்சலும் தோன்றி, மருத்துவம் இன்றேல் உயிரும் போகலாம். அதனைத் தடுக்க எளிய மருந்துகள் உள்ளன. சில நாள்கள் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கும் அமைதியூட்டும் மாத்திரைகளும் தயமின் என்னும் வைட்டமினும் அவற்றுள் முதன்மையானவை. மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இது நடக்கக்கூடிய சிகிச்சை. ஆகவே, "மனவுறுதி இருந்தால் இன்றோடு விட்டுவிடு" என்று ஒருவனை அறைக்குள் பூட்டிவைப்பது அன்பின் பெயரால் செய்யும் ஆபத்து. ஹெராயின், வலிமாத்திரை போன்றவற்றில் இடர் வேறு வகையானது. நிறுத்தும்போது வேதனை மிகுதி, உயிராபத்து குறைவு. ஆனால் சில வாரம் நிறுத்தியவன் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடல் அதைத் தாங்காது மூச்சு நின்றுவிடும். மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பிய முதல் மாதத்தில் வீட்டார் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டியது இதனால்தான்.

இவ்வறிவு ஊரில் இல்லாத இடத்தில் வேறொன்று வந்து நிரப்புகிறது. பேருந்து நிலையச் சுவர்களில் 'குடியை மறக்கச் செய்யும் மருந்து, அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்னும் சுவரொட்டிகளைக் காணாதவர் யார்? டைசல்பிராம் என்றொரு மருந்து 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. அதனை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கும். அந்த அச்சத்தால் அவர் மதுவை விலக்குவார். நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து அது. அத்தகைய ஒன்றை மீன்குழம்பில் கலந்து கணவனுக்குக் கொடுத்த பெண்ணை நான் குறைகூற மாட்டேன். அவருக்கு வேறு வழி எவரும் காட்டவில்லை. ஆயினும் இதயநோய் உள்ளவரை அது கொன்றுவிடவும் கூடும். பெயரில்லாப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதும் விற்பவருக்கே வெளிச்சம்.

தர்காக்களைப் பற்றி இம்மலரில் எழுதத் தயங்கினேன். தயக்கம் நியாயமன்று என்று பின்னர் தோன்றியது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடமுடியாமல் கருகினர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கைக் கையிலெடுத்தது. இறையருளை நாடிச் செல்வதை எவரும் தடுக்கவில்லை. நானும் பிரார்த்தனையை நம்புகிறவனே. ஆனால் துஆ ஓதும் கையும் மருந்து கொடுக்கும் கையும் ஒன்றையொன்று விலக்கவேண்டியதில்லை. சங்கிலிக்கோ இரண்டிலும் இடமில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய்க்குள் அடக்கி, எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. ஓலைக்கொட்டகைகள் போயின, கதவடைத்த தனியார் இல்லங்கள் சில அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. நள்ளிரவில் வண்டியில் வந்து மகனைக் கட்டித் தூக்கிச் செல்வார்கள். மூன்று மாதம் பெற்றோர் பார்க்கக்கூடாது. பணம் மட்டும் மாதந்தோறும் கட்டவேண்டும். என் மாணவரும் அப்படியொரு வீட்டில் இருந்து திரும்பியவர்தாம். முதுகில் தழும்போடு வந்தார். வந்த வாரமே குடித்தார். சென்னையில் இத்தகைய மையம் ஒன்றில் 2022-இல் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டு வழக்குப் பதிவாயிற்று. எந்த இல்லத்தில் சேர்ப்பதாயினும் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் யார், எத்தனை மணிக்கு வருவார் என்று கேளுங்கள். நோயாளியைப் பார்க்கவிடமாட்டோம் என்றால் அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

பெற்றோர்க்கு மற்றோர் அச்சம் உண்டு: மருத்துவமனைக்குச் சென்றால் காவல்துறைக்குத் தெரியும், வழக்கு வரும், கடவுச்சீட்டு கிடைக்காது, வளைகுடா வேலை போய்விடும் என்பது. சிகிச்சை கேட்டு வருபவரைக் காட்டிக்கொடுப்பது மருத்துவர் பணியன்று. நோயாளியின் மறைபொருளைக் காக்க அவர் கடமைப்பட்டவர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருப்பதைப் பலரும் அறியார். உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசின் ஏற்புப் பெற்ற நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவ்வழக்கினின்று விலக்குப் பெற வழி அதில் உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அவ்விலக்கு பறிபோகலாம். கஞ்சா விற்பவனுக்கு இப்பிரிவு பொருந்தாது, மூழ்கியவனுக்குப் பொருந்தும்.

இனி, சிற்றூருக்கு எது பொருந்தும் என்னும் கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடைகாண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்துப் பக்கம் போனால் போதும்.

சென்னையில் டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளம்வயதில் இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-இல், கணவர் பெயரிலேயே ஆய்வு நிறுவனமொன்றைத் தொடங்கிக் குடிநோயாளர்க்கு மருத்துவம் அளிக்க முற்பட்டார். குடி ஓர் ஒழுக்கக்கேடு என்று மட்டுமே நாடு எண்ணியிருந்த காலம் அது. கணவர் குடியால் இறந்ததை ஒரு பெண்மணி வெளிப்படையாகச் சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை நம் வீடுகளை அறிந்தவர்கள் உணர்வர். 1992-இல் பத்மஸ்ரீ விருதும், 1999-இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவருக்குக் கிடைத்தன. விருதுகளினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1989-இல் அவர் நிறுவனத்தார் செய்த ஒரு காரியம். சென்னைக்கு வர இயலாத கிராமத்துக் குடிநோயாளர்க்காக அவர்களே கிராமத்துக்குச் சென்றனர். அப்போதைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், குடவாசலை அடுத்த மஞ்சக்குடி என்னும் ஊரில் பதினைந்து நாள் முகாம் நடந்தது. ஊரில் கல்விப்பணி செய்துவந்த அறக்கட்டளையினர் துணைநின்றனர். சுற்றுவட்டாரக் குடிநோயாளர்கள் வந்து தங்கினர்.

பதினைந்து நாளில் என்ன செய்துவிட முடியும் என்று ஐயுறலாம். முதல் சில நாள்கள் உடலுக்கு மருந்து. பின்னர் நாள்தோறும் குழுவாக அமர்ந்து பேச்சு. ஒருவர் கதையைக் கேட்டு மற்றவர் தம்மைக் கண்டுகொள்வர். மனைவியர்க்கும் பெற்றோர்க்கும் தனி அமர்வுகள் உண்டு. அவர்களும் நோயின் நிழலில் வாழ்ந்து நொந்தவர்களே. முகாம் முடிந்த பின்னரும் மாதந்தோறும் குழுவினர் ஊருக்கு வந்து பார்த்தனர். இதில் சிறப்பு யாதெனில், எல்லாம் ஊரார் கண்முன்னே நடந்தது. நோயாளியை மறைத்து எங்கோ அனுப்பிவிட்டுத் திரும்பிவரும்போது ஐயத்தோடு பார்க்கும் ஊர் அன்று அது. தானே இடங்கொடுத்து, உணவளித்து, எழுந்து நடப்பதைக் கண்டு மகிழ்ந்த ஊர். மீண்டவர் தம் தெருவிலேயே இருந்தார். அடுத்த முகாமுக்கு ஆள் அழைத்து வர அவரைவிடத் தகுந்தவர் யார்? வள்ளுவர் கேட்ட கேள்வியை அவர் தம் முகத்தாலேயே தெருவில் கேட்டுக்கொண்டிருந்தார். அம்முகாம்கள் ஒருமுறையோடு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்தன.

மீண்டவர் எல்லாரும் மீண்டே இருந்துவிட்டனர் என்று சொல்லமாட்டேன். சிகிச்சை பெற்றோரில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் ஒருமுறையேனும் வழுக்குவர் என்று அமெரிக்க நாட்டு ஆய்வு நிறுவனமே கணக்கிட்டுள்ளது. இரத்தக்கொதிப்பு நோயாளர் மருந்தை விட்டு மீண்டும் நோய்ப்படுவதும் ஏறத்தாழ இதே அளவினதே. அவரை நாம் ஒழுக்கங்கெட்டவர் என்று ஏசுவதில்லை. இரண்டாம் முறை மருந்தகத்துக்கு அனுப்புகிறோம்.

2025-இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் 25 இடங்களில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கி அவற்றுக்குக் 'கலங்கரை' என்றே பெயர் சூட்டியது. பெயர் வைத்தவர் பெரும்பாணாற்றுப்படையைப் படித்திருந்தாரோ என்னவோ, பொருத்தமான பெயர். ஆனால் விளக்கு செங்கல்பட்டிலும் கீழ்ப்பாக்கத்திலும் எரிந்தால் மட்டும் போதாது. விடியற்காலை நான்கு மணிக்கு நடுங்கும் கையோடு ஒருவன் தேவனேரிக் குப்பத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணுக்கு அது தெரியவேண்டும். இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

நம் ஜமாஅத்துகளில் திருமண மண்டபங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் பள்ளிக்கட்டடங்கள் காலியாக இருக்கின்றன. நம் கல்லூரியில் நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் முகாமிட ஊர் தேடுகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுப்பில், சட்டப்படி, மஞ்சக்குடி போன்றதொரு முகாமை இக்கரையில் நடத்த இயலாதா? முஸ்லிம்களுக்கு மட்டுமென்று நடத்தினால் அதற்கு யாரும் வரமாட்டார்கள். வந்தவர் அடையாளங் காணப்பட்டுவிடுவார். மீனவர் பஞ்சாயத்தாரும், சிற்பக்கலைஞரும், கோயிலாரும், தேவாலயத்தாரும், ஜமாஅத்தாரும் சேர்ந்து நடத்தவேண்டும். நாள் முழுவதும் கல்லுடைத்துத் தோள் நோகும் சிற்பியும், இரவெல்லாம் அலையில் நனைந்த மீனவரும், சங்கு விற்பவரும் ஒரே பந்தியில் அமர்ந்து கஞ்சி குடிக்கட்டும்.

பெரியவர்கள் இருவர் இதற்கு மறுப்புச் சொன்னார்கள். ஒருவர், "சுற்றுலா ஊருக்கு இது கெட்ட பெயர் அல்லவா?" என்றார். ஊரின் பெயர் பீப்பாய் ஒதுங்கிய அன்றே செய்தித்தாளில் வந்துவிட்டது என்றேன். மற்றவரின் மறுப்பு வலுவானது. "ஹராமைச் செய்தவனுக்குப் பந்தல் போட்டு விருந்து வைத்தால், செய்யாதவனுக்கு என்ன மரியாதை? விலக்கிவைத்தால்தான் அஞ்சுவான்" என்றார். சில ஊர்களில் குடிப்பவர் வீட்டுத் திருமணத்துக்குப் பதிவேட்டைத் தர மறுக்கிறார்கள் என்றும் எடுத்துக்காட்டினார். அவர் நல்லவர், ஊரின்மேல் அக்கறை உள்ளவர். அவருக்கு நான் சொன்ன விடையை இங்கும் வைக்கிறேன். மதுவிலக்கு ஒரே நாளில் இறங்கிய கட்டளை அன்று, படிப்படியாக வந்தது என்பதை நாமெல்லாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சாபத்தைத் தடுத்து, அவர் இறைவனையும் தூதரையும் நேசிப்பவர் என்றுரைத்த செய்தி புகாரியில் இருக்கிறது. தண்டனை இருந்தது, ஆயினும் வாசல் அடைக்கப்படவில்லை. பதிவேட்டை மறுத்தால் தண்டிக்கப்படுபவர் குடிப்பவரும் அல்லர், அவர் தங்கை. பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். "மண்டபத்துக்கு வாடகை வேண்டாம், மின்கட்டணம் மட்டும் கட்டிவிடுங்கள்" என்றார். முகாமுக்கான நாள் இன்னும் குறிக்கப்படவில்லை; கோடைக்குள் குறிப்போம் என்றிருக்கிறோம்.

அதுவரையில் கையிலிருப்பவற்றைச் சொல்லிவைக்கிறேன். போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இதில் தமிழிலேயே பேசலாம். இவ்விரு எண்களையும் துறை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறோம். யாரோ ஒரு மாணவர் அவற்றின்மேல் ஒட்டிய விளையாட்டுப் போட்டி அறிவிப்பை இருமுறை கிழித்தெறிந்தேன்.

வேப்பமரத்தடியில் நின்ற அம்மாணவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அண்ணன் ஒருநாள் வேலைக்கு விடுப்பெடுத்து, தெளிந்த அந்தச் சிறு வேளையைத் தவறவிடாமல், அப்படியே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதால் மீண்டார். இரண்டுமுறை வழுக்கினார், இரண்டுமுறையும் திரும்பச் சென்றார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பார். எதற்கென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஓர் இரவு எட்டரை மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. குப்பத்துப் பையன் ஒருவன், வயது இருபதுக்கு மேலிராது, முழங்கையில் புண். "அண்ணன் உங்களைப் பார்க்கச் சொன்னார்" என்றான். மறுநாள் எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. மாணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஆட்டோவோடு வந்தார். மூவரும் செங்கல்பட்டு நோக்கிப் புறப்பட்டோம். வழியில் பையன் இருமுறை இறங்கிவிடுகிறேன் என்றான். திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு, அம்மாவிடம் சொல்லவில்லையே என்றான். என் தொலைபேசியிலிருந்து சொன்னான். பத்தரை மணிக்கு அவசரப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.